ஆயாக்கொட்டகைக்கு ஒரு போர்ப்பாட்டு

நேற்று மத்தியானம் பெட்டி வந்து சேர்ந்தது, அக்கா. கூரியர்க்காரர் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே டைல்ஸா என்று கேட்டார். அவ்வளவு கனம். இசைத்தட்டு என்று சொன்னதும் நம்பாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்ததும் அச்சு மையும் புது பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை வீடு முழுக்கப் பரவியது. மேலாக இருந்த தட்டை எடுத்தேன். அட்டையில் தமிழ் எழுத்தில் 'ஆயாக்கொட்டகை'. கீழே மின்னல் வெட்டுகிற வானம், மார்பளவு தண்ணீர், தோளில் வாளி தொங்கும் காண்டாக்கம்போடு நிற்கும் மூன்று பெண்கள். பின்பக்கம் திருப்பினேன். பாடியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருந்தது. எங்கள் பெயர்களைவிட ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருந்தோம். போட்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு இது முதல் ஆல்பம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பாட வந்த உங்களுக்கும் இதுதான் முதல் ஆல்பம். நீங்கள் இதைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. அதனால் நடந்ததை எழுதிச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முன்பாதி உங்களுக்குத் தெரியும். பின்பாதி நீங்கள் போன பிறகு நடந்தது.

உங்களை நான் முதலில் பார்த்தது ஒரு சாவுச் சடங்கில். தெப்ராவில் என்னோடு ஃபேக்டரியில் வேலை செய்கிறவரின் அப்பா இறந்துபோய், ஜோகூர் பாருவில் ஒரு சர்ச்சில் அடக்க ஆராதனை. நான் கடைசி வரிசையில், வெளியே போவதற்கு வசதியாக உட்கார்ந்திருந்தேன். பாடகர் குழு எழுந்த நேரம் பார்த்து மைக் செத்துவிட்டது. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் நிறுத்தவில்லை. மைக்கை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தீர்கள். அந்தக் குரல் கடைசி வரிசைக்கு வந்து, எனக்குப் பின்னால் இருந்த சுவரில் மோதித் திரும்பியது. நான் வெளியே போகவில்லை.

எங்கள் குழுவுக்கு அப்போது பாடகர் இல்லை. நான் கித்தார், ஜீவன் டிரம்ஸ், ஃபைசால் பேஸ். ஸ்கூடாயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்து, பழைய பாணி ஹெவி மெட்டல் வாசித்துக்கொண்டிருந்தோம். குதிரை பாய்கிற மாதிரி தாளம், ஒன்றோடொன்று பின்னிப்போகிற கித்தார்கள், பத்து நிமிடத்துக்குக் குறையாத பாட்டு. அதில் ஒரு போர், ஒரு மலை, ஒரு சபதம். எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்க ஒரு குரல் வேண்டும். எங்களிடம் இருந்த பாடகர் கோலாலம்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வந்து பாடிக் காட்டியவர்கள் எல்லாரும் கத்தினார்கள். ஏறவில்லை.

ஆராதனை முடிந்து கூடாரத்தில் நீங்கள் மீஹூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், நீங்கள் ஹெவி மெட்டல் பாடுவீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன். கரண்டியைக் கீழே வைக்காமல், "அது என்ன சாமான்?" என்று கேட்டீர்கள். ஃபோன் எண் கொடுத்தீர்கள். நான் எங்கள் பாட்டை அனுப்பினேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். அந்த வாரக் கடைசியிலேயே கூப்பிட்டீர்கள்.

"கேட்டேன் தம்பி. இது கத்தல் இல்ல. சர்ச்சுல பாடுற மாதிரிதான் இருக்கு. அங்க கூரை வரைக்கும் போகணும், இங்க கூரையத் தாண்டணும். எங்க வரணும், சொல்லுங்க."

முதல் நாள் பாஜு கூரோங் உடையில், கைப்பையை இடுக்கிக்கொண்டு, மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தீர்கள். ஜீவன், வீட்டு வரி வாங்க வந்தவர் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டான். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தீர்கள் என்று அன்றுதான் தெரிந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதை நீதிபதிக்கும், நீதிபதி சொல்வதை அவருக்கும் சொல்லி ஓய்வு பெற்றவர். "நான் நான்னு நாள் முழுக்கப் பேசுவேன். அதுல ஒரு நான்கூட நான் இல்ல" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள்.

பிறகு பாடினீர்கள். பாடி முடித்தபோது கீழே டயர் கழற்றுகிற சத்தம் நின்றிருந்தது. ஃபைசால் பேஸைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, உங்களுக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போட்டான். அன்றிலிருந்து அவனும் உங்களை அக்கா என்றே கூப்பிட்டான். தமிழில் அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

ஒரு மாதம் போல எங்கள் ஆங்கிலப் பாட்டுகளைப் பாடினீர்கள். பனிமலை, கோட்டை, வாள், வெள்ளைக் குதிரை. பிறகு ஒரு நாள் தாளைக் கீழே வைத்துவிட்டு, உங்களில் யாராவது பனியைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டீர்கள். யாரும் பார்த்ததில்லை. ஜீவன் ஒரு முறை கேமரன் மலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பியதைச் சொன்னான். அன்றைக்கு நீங்கள் அந்தப் பாட்டைப் பாடும்போது குரல் கூரையோடு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வந்த தீபாவளிக்கு உங்களைச் சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் அம்மா வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனேன். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்று சொல்லியிருந்தேன். சாப்பிட்டு முடித்து நீங்கள் இரண்டு பேரும் சமையல் கட்டில் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் கூடத்தில் தூங்கி எழுந்து வந்தபோது அம்மா வெள்ளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் ஒரு பெரிய வெள்ளம் வந்தது என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும். அம்மா உங்களிடம் சொன்னதைத்தான் நான் முதல் முறையாக முழுசாகக் கேட்டேன். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக்கொட்டகை ஆற்றோரப் பள்ளத்தில் இருந்தது. மழையில் மரம் வெட்ட முடியாமல் பெண்கள் பாதியிலேயே திரும்பியிருக்கிறார்கள். ஆண்கள் தூரத்துக் காட்டில் இருந்தார்கள். பாலம் மூழ்கிவிட்டது. கொட்டகைக்குள் தண்ணீர், பிள்ளைகள் பெஞ்சு மேல் நிற்கிறார்கள், ஆயா தனியாக. அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் தண்ணீரில் இறங்கினார்கள். பால் சுமக்கிற காண்டாக்கம்பு தோளில்தான் இருந்தது. அதன் இரண்டு பக்கத்து வாளியிலும் பாலுக்குப் பதிலாகப் பிள்ளைகளை உட்கார வைத்து, சேலைத் தலைப்பால் கட்டி, மேட்டில் இருந்த, பால் நிறுக்கிற ஸ்டோருக்குச் சுமந்து போனார்கள். திரும்பித் திரும்பி, கொட்டகை காலியாகும் வரைக்கும். மறுநாள் படகு வந்தது. பத்திரிகைப் படத்தில் படகுதான் இருந்தது.

நீங்கள் கோர்ட்டில் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். தண்ணீர் எது வரைக்கும், முன்னால் போனது யார், வாளியில் பிள்ளை ஆடாதா. அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பயமாக இருந்ததா என்று கேட்டதற்கு மட்டும், "பயப்பட நேரம் எங்கம்மா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வடை மாவைப் பார்க்கப் போய்விட்டார்.

நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது பாதி வழியில் என் பக்கம் திரும்பினீர்கள்.

"உங்க வீட்டு சமையல் கட்டுல இவ்வளவு பெரிய போர் இருக்கு. நீங்க என்னடான்னா யாரோ ஒரு ராஜாவோட குதிரைக்குப் பாட்டு எழுதிட்டு இருக்கீங்க."

ஜீவன் ஒத்துக்கொள்ளவில்லை. பால் வாளியை வைத்து மெட்டல் பாட்டு என்றால் ஊரே சிரிக்கும் என்றான். அதுவும் தமிழில். நீங்கள் கோபப்படவில்லை. அவனை டிரம்ஸில் உட்காரச் சொன்னீர்கள். தண்ணீரில் நடக்கிறவளின் கால் எப்படி விழும் என்று வாசித்துக் காட்டச் சொன்னீர்கள். அவன் முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் அடித்தான். கனமாக, இழுத்து, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற இடைவெளி விட்டு. நான் அதன் மேல் கித்தாரைப் போட்டேன். ஃபைசால் தானாகச் சேர்ந்தான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, வார்த்தை இல்லாமல் ஒரு குரலை மட்டும் மேலே அனுப்பினீர்கள். வாசித்து முடித்ததும் ஜீவன் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு, "சரிக்கா, எழுதுங்க" என்றான்.

நானும் நீங்களும் சேர்ந்து எழுதினோம். ஆல்பத்தின் மற்ற பாட்டுகளும் அதன் பின்னாலேயே வந்தன. காட்டை வெட்டியவர்கள், யானை வழியில் லயத்து வீடு கட்டிக் குடியிருந்தவர்கள், கடலைத் தாண்டி வந்து கரையைத் திரும்பிப் பார்க்காதவர்கள். ஆனால் 'ஆயாக்கொட்டகை'தான் நடுநாயகம். அதில் ஒரு இடத்தில் பல குரல் சேர்ந்து எழ வேண்டும் என்றீர்கள். ஆள் எங்கே என்றோம். அடுத்த சனிக்கிழமை சர்ச் பாடகர் குழுவிலிருந்து ரோஸ்லின் அக்காவையும் இன்னும் இரண்டு பேரையும் காரில் ஏற்றி வந்து இறக்கினீர்கள். அவர்கள் காதைப் பொத்திக்கொண்டே படியேறினார்கள். இறங்கும்போது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

அதனால் உங்களுக்கு வந்த தொல்லையை நீங்கள் எங்களிடம் சொல்லவில்லை. ரோஸ்லின் அக்கா பிற்பாடுதான் சொன்னார். பாடகர் குழுத் தலைவர் உங்களைக் கூப்பிட்டு, கறுப்புச் சட்டைப் பையன்களோடு பாடுவதா, சர்ச்சில் பாடுவதா, இரண்டில் ஒன்று என்றிருக்கிறார். உங்கள் அண்ணனும் வீட்டுக்கு வந்து, நம் குடும்பத்துக்கு இது தேவையா என்று கேட்டிருக்கிறார். அவர்களிடம் நீங்கள் சொன்ன பதிலை ரோஸ்லின் அக்கா அப்படியே சொன்னார்:

"வேலையில இருந்த வரைக்கும் அடுத்தவங்க வார்த்தைய என் வாயால சொன்னேன். சர்ச்சுலயும் யாரோ எழுதினதைத்தான் பாடுறேன், சந்தோஷமாத்தான் பாடுறேன். இது நான் எழுதினது. இதையும் பாடுவேன். அதையும் பாடுவேன். நிறுத்தணும்னா நீங்கதான் என்னை நிறுத்தணும்."

யாரும் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல முதல் வரிசையில் நின்று பாடினீர்களாம்.

பதிவு முடிய முழுசாக ஒரு வருடம் ஆனது. ஃபைசாலுக்கு ஷிப்டு, எனக்கு ஓவர்டைம், ஜீவனுக்கு இரண்டாவது குழந்தை. நீங்கள் மட்டும் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. கடைசிப் பாட்டின் கடைசி வரியைப் பாடிவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்து, "இனிமே எவனாவது சுருதி சரியில்லன்னு சொல்லட்டும், பாத்துக்கிறேன்" என்றீர்கள். எல்லாருமாக இறங்கிப்போய் எதிர்க்கடையில் தே தாரிக் குடித்தோம். அதன் பிறகு உங்களை உயிரோடு பார்த்தது ஒரே முறைதான். பசாரில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது மயங்கி விழுந்தீர்கள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஜீவன் பேசிக்கொண்டே இருந்தான். மறுநாள் காலையில் போய்விட்டீர்கள்.

இனி நான் சொல்வது உங்களுக்குத் தெரியாதது.

பாட்டுகளை அப்போது இன்னும் மிக்ஸ் செய்து முடிக்கவில்லை. ஒரு மாதிரிப் பதிவை இணையத்தில் போட்டிருந்தோம் இல்லையா, அதைக் கேட்டு ஐரோப்பாவிலிருந்து ஒரு நிறுவனம் எழுதியது. இந்த வகை இசையில் கொஞ்சம் பெயருள்ள நிறுவனம். இசை பிரமாதம், நாங்கள் வெளியிடுகிறோம், கச்சேரிக்கும் அழைக்கிறோம் என்றார்கள். ஒரு நிபந்தனை. பாடகி இறந்துவிட்டதால் மேடைக்கு ஆள் வேண்டும். அதனால் ஒரு இளைஞனை வைத்து, ஆங்கிலத்தில், எல்லாப் பாட்டையும் திரும்பப் பாடிக் கொடுங்கள்.

நாங்கள் மூன்று பேரும் அந்த அறையில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படித்தோம். உண்மையைச் சொல்கிறேன், அது சின்ன விஷயம் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து நாங்கள் மூவரும் பேசிப் பேசிக் கனவு கண்டது அதைத்தான். ஃபைசால்தான் முதலில் பேசினான். அவன் மலாயில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: எனக்கு இந்தப் பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அந்த இடத்தில் அக்கா ஏறும்போது ஒவ்வொரு தடவையும் என் கை மயிர் நிற்கிறது. அந்தக் குரலை எடுத்தால் நான் வாசிக்க மாட்டேன்.

ஜீவன் கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். பிறகு ஒலிபெருக்கியைப் போட்டான். 'ஆயாக்கொட்டகை' ஆரம்பிப்பதற்கு முன்னால், டிரம் மைக்கில் விழுந்த சத்தம். நாற்காலி நகர்கிறது, நீங்கள் தொண்டையைச் செருமுகிறீர்கள், மெல்ல மூச்சை இழுக்கிறீர்கள்.

"இத அழிக்கணும்னுதான் நான் இத்தனை நாளும் சொல்லிட்டு இருந்தேன்," என்றான். "பாட்டு சுத்தமா ஆரம்பிக்கட்டும்னு. இப்ப சொல்றேன், இந்த மூச்சுலகூட எவனும் கை வைக்கக் கூடாது."

அந்த மூச்சு ஆல்பத்தில் இருக்கிறது, அக்கா. இரண்டாம் பக்கம், முதல் பாட்டு.

அவர்களுக்கு மாட்டோம் என்று எழுதிவிட்டு நாங்களே வெளியிட்டோம். சில மாதம் கழித்து கிரீஸில் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் எழுதினார். இதை அப்படியே இசைத்தட்டாகப் போட அனுமதி கேட்டார். எதையும் மாற்ற வேண்டாம், ஆனால் தலைப்பில் உள்ள வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று மட்டும் சொல்லுங்கள், கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்றார். நான் ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். நேற்று வந்த பெட்டி அவர் அனுப்பியதுதான்; நான் எழுதியதை மொழிபெயர்த்து உள்ளே ஒரு தாளில் அச்சிட்டிருக்கிறார். எங்கள் தோட்டத்துச் சொல் கிரேக்க எழுத்தில்! படிக்கத் தெரியவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்கு முன்பே, நாங்களாக வெளியிட்டபோது, வெளியீட்டு விழாவை ஸ்கூடாயில் ஒரு மண்டபத்தில் ஞாயிறு மாலை வைத்திருந்தோம். உங்கள் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு, நாங்கள் கூட வாசிப்பது என்று முடிவு. அதற்கு முந்திய வாரம் ரோஸ்லின் அக்காவும் அந்த இரண்டு பேரும் மாடிப்படி ஏறி வந்தார்கள். நாங்கள் கூப்பிடவில்லை.

"அவங்க குரல் வரும்போது நாங்க கீழ உக்காந்து கைதட்டணுமா? கோரஸ் எங்களுது. நாங்கதான் பாடுவோம்."

மேடையில் அவர்கள் நின்ற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சேலை, தலையில் மல்லிகை, பின்னால் ஜீவனின் டிரம்ஸ், முன்னால் கறுப்புச் சட்டை போட்ட மலாய்ப் பையன்களும் தமிழ்ப் பையன்களும் சீனப் பையன்களுமாக ஒரு கூட்டம். உங்கள் குரல் ஏறியது. அவர்கள் மூவரும் அதற்குக் கீழே போய்த் தாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் முறை கோரஸ் வந்தபோது பையன்கள் கையை உயர்த்தி, தெரிந்ததும் தெரியாததுமாகக் கூடப் பாடினார்கள். பாடகர் குழுத் தலைவரும் வந்திருந்தார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கதவோரம் கடைசி வரைக்கும் நின்றார். போகும்போது என்னிடம் வந்து, "சத்தம் ஜாஸ்தி. ஆனா சுருதி சுத்தம்" என்றார்.

அம்மா முதல் வரிசையில் இருந்தார். அட்டைப் படத்தைக் கையில் கொடுத்திருந்தோம். வெகுநேரம் பார்த்துவிட்டு, தன் சேலை அந்த நிறம் இல்லை என்றும், தனக்கு அவ்வளவு பெரிய தோள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றும் சொன்னார். ஆனால் படத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

கச்சேரி முடிந்து சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்தார். தெப்ராவில் லாரி ஓட்டுகிறவர். யாரோ ஃபோனில் அனுப்பிய பாட்டைக் கேட்டு வந்ததாகச் சொன்னார். அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அந்த வெள்ளத்தில் நானும் வாளியில் வந்தவன்தான், எங்கள் அம்மா சொல்லியிருக்கிறார் என்றார். நான் அவரை அம்மாவிடம் கூட்டிப் போனேன்.

அம்மா அவர் யார் மகன் என்று கேட்டார். பெயரைச் சொன்னார். அம்மா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மத்ததெல்லாம் அழுதுச்சு. நீ மட்டும் அழவே இல்ல. வாளிய இறுக்கிப் புடிச்சிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு வந்த."

அந்தப் பெரிய மனிதர் அம்மாவின் காலடியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகள்கள் இருவரும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். அம்மா அவர்களைப் பக்கத்தில் இழுத்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

அக்கா, நீங்கள் கேட்டிருக்காவிட்டால் அம்மா சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் பாடியிருக்காவிட்டால் அந்த லாரிக்காரர் வந்திருக்க மாட்டார். ஐரோப்பா மேடை எங்களுக்குக் கிடைக்காமல் போனதை நினைத்து எனக்கு ஒரு நாளும் வருத்தம் வரவில்லை. அதைவிடப் பெரிய மேடையை அன்று மாலை ஸ்கூடாயில் பார்த்துவிட்டேன்.

இப்போது வெளியூர்களிலிருந்து யார் யாரோ எழுதுகிறார்கள். ஜப்பான், பிரேசில், தஞ்சாவூர். எல்லாருக்கும் ஒரே கேள்வி, பாடுவது யார். உங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும்போது இலக்கணப்படி நான் இறந்தகாலத்தில்தான் எழுத வேண்டும். ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அதனால் எல்லாருக்கும் இப்படித்தான் பதில் போடுகிறேன்: எங்கள் அக்கா. ஜோகூர்க்காரர். கோர்ட்டில் வேலை பார்த்தவர். பாடுகிறார்.